பிராக் நகரில் தனியாக நடந்து சுற்ற: எங்கே தொடங்குவது, எதை விடுவது?

நித்யா

எல்லோருக்கும் வணக்கம். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் ஒரு அலுவலக வேலை, வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அங்கிருந்து பிராக் ரயிலில் இரண்டரை மணி நேரம்தான் என்பதால், வெள்ளி இரவு போய் இறங்கி, திங்கள் பிற்பகல் ரயிலில் கிளம்பலாம் என்று இருக்கிறேன். கூட யாரும் வரவில்லை. தனியாக ஊர் சுற்றுவது எனக்கு இதுதான் முதல் தடவை.

இணையத்தில் எந்தப் பட்டியலைத் திறந்தாலும் அதே பத்து இடம். அதே வரிசை. தேவாலயம் ஒன்று பார்ப்பேன், ரசிப்பேன். நாலாவது தேவாலயத்தில் கொட்டாவி வந்துவிடும், என் குணம் அப்படி. ஆனால் நடக்கச் சொன்னால் நாள் முழுக்க நடப்பேன். பேருந்தில் உட்கார்ந்து ஊர் பார்க்கப் பிடிக்காது.

கேட்க நினைப்பவை: கைடு அவசியமா, அல்லது நாமே நடந்து தெரிந்துகொள்ள முடியுமா? இருட்டிய பிறகு ஒரு பெண் தனியாக நடக்கலாமா? சாப்பாட்டுக் கடையில் தனியாக உட்கார்ந்தால் ஒரு மாதிரி பார்ப்பார்களா? அறை ஐ.பி. பாவ்லோவா மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் எடுத்திருக்கிறேன். போய் வந்தவர்கள், அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

ரிட்டையர்டு_சிவில்

நித்யாம்மா, வணக்கம். நான் சிவில் ஆள். ஓய்வு பெற்றும் சுவரைக் கண்டால் தட்டிப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. மகள் பிராகில் வேலையில் இருந்தபோது அவளோடு சில காலம் தங்கினேன். காலையில் அவள் அலுவலகம் கிளம்பியதும் நான் தெருவில் இறங்கிவிடுவேன். அதனால் என் பதில் கட்டடப் பக்கமாகச் சாய்ந்துதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் அலுத்துப்போவதற்குக் காரணம், அதிலுள்ள இடங்களுக்குள் ஒட்டு உறவு இல்லாததுதான். ஒரு கோபுரம், ஒரு பாலம், ஒரு தேவாலயம் என்று டிக் அடித்துக்கொண்டே போனால் மூன்றாவது இடத்திலேயே கால் வலிக்க ஆரம்பித்துவிடும். தனியாகப் போகிறவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஊர் முழுக்க அலையலாம், "இதையெல்லாம் எதுக்குப் பாத்துட்டு நிக்கறே?" என்று யாரும் கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள். நான் பிடித்துக்கொண்ட கேள்வி இது: இந்த ஊரின் தரை எங்கே இருக்கிறது?

சிரிக்காதீர்கள். வ்ல்தாவா ஆற்றின் வலது கரையில் இருக்கிறது பழைய நகரம், ஸ்தாரே மெஸ்தோ. 12-ம் நூற்றாண்டில் அங்கே வசதியான வியாபாரிகள் கல் வீடுகள் கட்டிக்கொண்டார்கள். ஆறு சும்மா இருக்கவில்லை, வெள்ளம் திரும்பத் திரும்ப உள்ளே வந்தது. 13-ம் நூற்றாண்டில் மண்ணைக் கொட்டித் தெருமட்டத்தையே உயர்த்திவிட்டார்கள். வீடுகளை இடிக்கவில்லை. தெரு மேலே ஏறியது, வீட்டின் தரைத்தளம் நிலவறை ஆனது, அதன் தலையில் புது வீடு எழும்பியது. இன்றைக்கும் பழைய நகரத்தில் படி இறங்கிப் போகிற உணவகமோ காபிக் கடையோ கண்ணில் பட்டால், உள்ளே போய்ச் சுவரைப் பாருங்கள். அளவாகச் செதுக்கிய சிறு கற்கள், அரைவட்ட வளைவு, மிகத் தடித்த சுவர் என்று இருந்தால் நீங்கள் உட்கார்ந்திருப்பது நிலவறையே இல்லை. எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய யாரோ ஒருவரின் தெருப் பார்த்த முன்னறை.

இது ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால் பட்டியல் இடங்களே வேறு மாதிரி தெரியும். யோசெஃபோவ் என்ற யூதர் பகுதியில் பழைய-புதிய யூத ஆலயம் இருக்கிறது, 1270 வாக்கில் கட்டியது. தெருவிலிருந்து படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். ஆலயம் தன் இடத்திலேயே இருக்கிறது, தெருதான் உயர்ந்துவிட்டது. அதற்குப் பக்கத்திலேயே பழைய யூதக் கல்லறைத் தோட்டம், அங்கே கதை நேர் எதிர். யூதர்களுக்கு வேறு இடம் கிடையாது, பழைய கல்லறையைத் தோண்டவும் கூடாது. மண் கொண்டுவந்து மேலே போட்டு அடுத்த அடுக்குப் புதைத்தார்கள். சில இடங்களில் பன்னிரண்டு அடுக்கு வரை உண்டு என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பழைய கற்களை மேலே தூக்கி நட்டார்கள், அதனால்தான் பன்னிரண்டாயிரம் கற்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. பழைய கல்லின் தேதி 1439, கடைசி அடக்கம் 1787. உள்ளே நிற்கும்போது வெளித் தெருவைவிட நீங்கள் எவ்வளவு உயரத்தில் நிற்கிறீர்கள் என்று மட்டும் கவனியுங்கள்.

முக்கியமான விஷயம்: யோசெஃபோவ் ஆலயங்கள், கல்லறைத் தோட்டம் எல்லாம் சனிக்கிழமை மூடியிருக்கும். உங்களுக்குத் திங்கள் காலைதான் தோது. பிங்காஸ் ஆலயத்தையும் விடாதீர்கள். நாஜிகள் கொன்ற பொஹீமிய, மொராவிய யூதர்கள் ஏறக்குறைய 78,000 பேரின் பெயரைச் சுவர் முழுக்கக் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே நான் சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை.

அடுத்தது பாலம். சார்லஸ் பாலத்துக்கு விடியும்போதே போய்விடுங்கள், ஒன்பது மணிக்கு மேல் அங்கே நடப்பது என்பதே இல்லை, கூட்டம் தள்ளும், நாம் நகர்வோம். விடியலிலும் இரண்டு மூன்று கல்யாண ஜோடிகள் புகைப்படக்காரரோடு நிற்பார்கள், அவர்கள் பாட்டுக்கு நிற்கட்டும். பழைய நகர முனையில் பாலத்தில் ஏறியதும் வடபுறக் கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டி, ஆற்றின் கரைச்சுவரைப் பாருங்கள். தாடி வைத்த ஒரு கல் முகம் பதித்திருக்கும். பெயர் ப்ரதாச். அந்தக் காலத்து வெள்ள அளவுமானி அதுதான். தண்ணீர் தாடியைத் தொட்டால் ஆறு கரை தாண்டுகிறது, வழுக்கைத் தலை மூழ்கினால் பழைய நகரச் சதுக்கம் வரை தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம். பாலத்தில் போகிற ஆயிரம் பேரில் ஒருவர்கூட எட்டிப் பார்ப்பதில்லை.

அந்த முகம் முதலில் இருந்தது இந்தக் கரைச்சுவரில் அல்ல, சார்லஸ் பாலத்துக்கு முன்னால் இங்கே இருந்த யூதித் பாலத்தில். 1172 வாக்கில் முடித்த கல் பாலம் அது. 1342-ல் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பேரரசர் நான்காம் சார்லஸ் 1357-ல் புதிய பாலத்துக்கு அடிக்கல் வைத்தார், 516 மீட்டர் நீளம், 16 வளைவு, இந்தத் தடவை தரைமட்டத்தை உயர்த்திக் கட்டினார்கள். சாந்தில் முட்டை கலந்தார்கள் என்று ஒரு கதையை எல்லா கைடும் சொல்வார். முட்டையோ பாலோ, 1890 வெள்ளத்தில் மூன்று வளைவு விழுந்தது, 1892-ல்தான் திரும்பத் திறந்தார்கள். மறுகரைக்குப் போனதும் வாசலில் இரண்டு கோபுரம் நிற்கும். குட்டையாக இருப்பது யூதித் பாலத்தின் மிச்சம், அண்ணாந்து பார்ப்பது எல்லோரும் நெட்டையை. சிலைகள் பெரும்பாலும் நகல்கள், அசல் சில விஷெஹ்ராத் கோட்டைக்குள் நிலவறை மண்டபத்தில் இருக்கின்றன.

மறுகரை முனைக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே இடது பக்கம் ஒரு படிக்கட்டு காம்பா தீவுக்கு இறங்கும், இறங்கிவிடுங்கள். அங்கே சுவர்களில் வெள்ளம் ஏறிய உயரத்தைக் கோடு போட்டு வருஷம் எழுதி வைத்திருக்கிறார்கள். 2002 ஆகஸ்ட் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று உங்கள் உயரத்தை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்த வெள்ளத்தில்தான் மெட்ரோ சுரங்கமே மூழ்கியது.

கைடு கேட்டீர்களே. இந்த ஒரு சரடு கையில் இருந்தால் தேவையில்லை என்பது என் கட்சி.

நானும்_நடப்பேன்

சிவில் சார் பதிலைப் படித்தால் எனக்கே மறுபடி போகத் தோன்றுகிறது. ஆனாலும் ஒரு ஆட்சேபம். முதல் தடவை போகிறவரை ஊருக்கு அடியிலேயே நடத்திக் கூட்டிப்போனால் எப்படி? பழைய நகரச் சதுக்கத்துக்குப் போகட்டும். வானியல் கடிகாரம் 1410-லிருந்து அங்கே இருக்கிறது. மணி அடிக்கும்போது அப்போஸ்தலர் பொம்மைகள் ஜன்னலில் வந்து போகும், ஒரு நிமிஷம்கூட ஆகாது, அதற்காக நானூறு பேர் கைபேசியைத் தூக்கிப் பிடித்து நிற்பார்கள், ஜேப்படிக்காரர்களுக்கும் அது தெரியும். நான் சொல்வது, மணி அடித்துப் பத்து நிமிஷம் கழித்துப் போங்கள். கூட்டம் கலைந்திருக்கும். கடிகாரத்தின் முகம்தான் அழகு, சூரியனும் சந்திரனும் ராசி வளையமும் எங்கே நிற்கின்றன என்று நிதானமாகப் படிக்கலாம்.

அந்தக் கடிகாரம் இருக்கும் நகர மன்றக் கட்டடத்தின் கிழக்குப் பக்கம் தரையில் வெள்ளைக் கற்களால் 27 சிலுவை பதித்திருக்கிறது. வெள்ளை மலைப் போரில் ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் படையிடம் தோற்ற பிறகு, 1621 ஜூன் 21 அன்று கிளர்ச்சித் தலைவர்கள் 27 பேரை அங்கே வைத்துக் கொன்றார்கள். சிலுவை மேலேயே நின்று ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருப்பார்கள். தரையைப் பார்க்கிறவருக்கு அதுவும் தரைதானே சார்?

இன்னொன்று, ஒரு நாள் காலை மட்டும் ஒரு நடைக்குழுவோடு சேர்ந்து போங்கள் என்பேன். கைடுக்காக இல்லை, நாள் முழுக்க யாரோடும் பேசாமல் இருப்பது சிலருக்கு இரண்டாவது நாளே கனக்கும்.

இரவுப்பூ

நித்யா, நான் அந்த நாட்டில் படித்தவள், பிராகுக்கு அடிக்கடி தனியாக வருவேன். இரவு விஷயம் நான் சொல்கிறேன்.

பொதுவாகப் பயப்பட ஒன்றும் இல்லை. பழைய நகரம், ஆற்றின் மறுகரையில் உள்ள மாலா ஸ்த்ரானா, ஆற்றங்கரை எல்லாம் இரவு பத்து பதினொன்று வரைகூட ஆள் நடமாட்டம் இருக்கும். இரண்டு இடம் மட்டும் கவனம். ஒன்று, தலைமை ரயில் நிலையத்துக்கு முன்னால் உள்ள பூங்கா. ஊர்க்காரர்களே அதை ஷெர்வுட் காடு என்று கேலியாகச் சொல்வார்கள். பகலில் பிரச்சினை இல்லை, ராத்திரி அதன் வழியே நடக்காதீர்கள். நீங்கள் வெள்ளி இரவு இறங்குவதால் சொல்கிறேன்: நிலையத்திலிருந்து வெளியே வராமலே மெட்ரோ சி பாதையைப் பிடித்தால் இரண்டாவது நிறுத்தம் ஐ.பி. பாவ்லோவா. இரண்டாவது இடம் வென்ஸ்லாஸ் சதுக்கத்தின் கீழ்முனை. வார இறுதி நள்ளிரவில் கல்யாணத்துக்கு முந்தைய கொண்டாட்டத்துக்கு வந்த பல நாட்டு மாப்பிள்ளைகளின் தோழர் கூட்டம் குடித்துவிட்டு ஆடும். ஆபத்து என்பதைவிட எரிச்சல்.

மெட்ரோ நள்ளிரவு வாக்கில் நின்றுவிடும் (வெள்ளி, சனி கொஞ்சம் கூடுதல் நேரம்). அப்புறம் 91 முதல் 99 வரை எண்ணுள்ள இரவு டிராம்கள் விடிய விடிய ஓடும், எல்லாம் லசார்ஸ்கா நிறுத்தத்தில் ஒன்றையொன்று சந்திக்கும். லசார்ஸ்கா என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்தால் எங்கிருந்தும் அறைக்குத் திரும்பிவிடலாம். அவசரத்துக்கு 112.

சாப்பாடு. தனியாக உட்கார்ந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பழைய மாதிரி மதுக்கூடங்களில் நீள மேசையைப் பலர் பகிர்ந்துகொள்வது சாதாரணம். காலியிடத்தைக் காட்டி "இங்கே உட்காரலாமா" என்பதுபோல் கையால் கேட்டால் போதும். உள்ளே நுழையும்போது "தோப்ரீ தென்" என்று ஒரு வணக்கம் வைத்துவிட்டால் பரிமாறுகிறவரின் முகம் சற்று இளகும், அதற்கு மேல் சிரிப்பை எதிர்பார்க்காதீர்கள், அவர்கள் சுபாவம் அது. பியர் குடிப்பீர்களோ மாட்டீர்களோ, தெரிந்துகொள்ளுங்கள்: டம்ளர் காலியானால் கேட்காமலே அடுத்தது வந்துவிடும், மேசையில் உள்ள சீட்டில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போவார். போதும் என்றால் டம்ளருக்கு அடியில் வைக்கும் அட்டையை எடுத்து டம்ளர் மேல் வைத்துவிடுங்கள். குடிக்காதவர்களுக்கு கோஃபோலா என்று ஒரு உள்ளூர் கோலா உண்டு, மூலிகை வாசனையோடு. எனக்குப் பிடிக்கும், பலர் இருமல் மருந்து என்பார்கள்.

தெருவில் கம்பியில் சுற்றிச் சுட்டு விற்கும் த்ர்தெல்னீக் பழைய பிராக் பண்டம் என்று எழுதி வைத்திருப்பார்கள். சுற்றுலாப் பயணிகளுக்காக அண்மையில் முளைத்தது அது. சூடாக இருந்தால் ருசிதான், வரலாறு என்று நினைத்து மட்டும் வாங்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை

பண விஷயத்தை யாரும் தொடவில்லை. செக் நாட்டில் யூரோ இல்லை, கொருனா. டிரெஸ்டனில் மீந்த யூரோவைக் கையில் வைத்துக்கொண்டு சதுக்கத்துப் பக்கம் உள்ள மாற்றுக் கடையில் நுழைந்துவிடாதீர்கள். "கமிஷன் 0%" என்று பெரிதாக எழுதியிருப்பான், விலையில் எடுத்துக்கொள்வான். 2019-லிருந்து ஒரு நல்ல சட்டம் வந்தது: கடையில் மாற்றிய பணத்தை 1,000 யூரோ அளவு வரை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்து திரும்ப வாங்கலாம். அதற்கு ரசீது வேண்டும். அதைவிட, கார்டு பெரும்பாலான இடங்களில் செல்லும். இயந்திரம் "உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கவா" என்று கேட்டால் வேண்டாம், கொருனாவிலேயே கழி என்று சொல்லுங்கள்.

டிராம் டிக்கெட்: காகித டிக்கெட் வாங்கினால் ஏறியதும் மஞ்சள் பெட்டியில் முத்திரை குத்த வேண்டும், குத்தாத டிக்கெட் இல்லாத டிக்கெட்டுக்குச் சமம். டிராமுக்குள் இருக்கும் கருவியில் கார்டைத் தொட்டு வாங்கினால் அதிலேயே நேரம் பதிந்துவிடும். பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள், சட்டைக்குள்ளிருந்து வில்லையைக் காட்டுவார்கள்.

நித்யா

எல்லோருக்கும் மிக்க நன்றி! சிவில் ஐயா, உங்கள் தரைக் கேள்வி எனக்குப் பிடித்துவிட்டது. யோசெஃபோவ் திங்கள் காலை, பாலம் ஒரு விடியலில் என்று குறித்துக்கொண்டேன். இன்னும் சில சந்தேகம். கோட்டை மேட்டின் மேல் இருக்கிறதாமே, சனியா ஞாயிறா? ஏறுவது கஷ்டமா? மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? அப்புறம் அறையின் முகவரியில் தெருப் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டு இரண்டு எண் இருக்கிறது. எது கதவு எண் என்றே தெரியவில்லை.

ரிட்டையர்டு_சிவில்

முதலில் நடப்பேன் தம்பிக்கு: சிலுவைகளைச் சொன்னது நல்லது. அங்கேயே நின்று அப்படியே தலையைத் தூக்கினால் நகர மன்றக் கோபுரத்துக்குப் பக்கத்தில் சுவர் பாதியில் அறுந்து நிற்பது தெரியும், ஒரு ஜன்னல் அளவுக்குத்தான் மிச்சம். 1945 மே மாதம் ஊர் ஜெர்மானியருக்கு எதிராக எழுந்தபோது அந்த இறக்கை எரிந்தது. இடத்தை இன்று வரை காலியாக விட்டிருக்கிறார்கள். எத்தனையோ வரைபடம் போட்டார்கள், ஒன்றும் எழும்பவில்லை. கட்டாமல் விட்டதும் ஒரு கட்டடக்கலை முடிவுதான் என்று எனக்குத் தோன்றும்.

நித்யாம்மா, கோட்டைக்கு ஏறவே வேண்டாம். உங்கள் அறைக்குக் கீழேயே 22-ம் எண் டிராம் நிற்கும். அதில் ஏறி, பிரஷ்ஸ்கீ ஹ்ராத் என்ற கோட்டை நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கும்போது நீங்கள் உட்கார்ந்திருங்கள். இன்னும் கொஞ்சம் தள்ளி போஹோர்ஷெலெட்ஸ் நிறுத்தத்தில் இறங்கினால் மேட்டின் உச்சியில் இருப்பீர்கள், அங்கிருந்து எல்லாமே இறக்கம். பக்கத்தில் ஸ்த்ராஹோவ் மடம், 1143-ல் நிறுவியது, அதன் மதிலோரம் நின்றால் ஊர் முழுக்கக் காலடியில் கிடக்கும். அங்கிருந்து லொரேட்டா வழியாகக் கோட்டை வாசல். முற்றங்களுக்குள் நடக்கக் கட்டணம் கிடையாது, உள் கட்டடங்களுக்குத்தான் டிக்கெட்.

புனித வீடஸ் பேராலயத்தில் ஞாயிறு காலை வழிபாடு, பகலுக்கு மேல்தான் பார்வையாளர்களை விடுவார்கள். ஆகவே ஞாயிறு பிற்பகல் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போவதற்கு முன் தெற்குப் பக்க முற்றத்தில், பெரிய கோபுரத்துக்கு எதிரே பத்து நிமிஷம் நில்லுங்கள். 1344-ல் தொடங்கிய வேலை அது. கிழக்குப் பாதியில் பெரும்பகுதி பீட்டர் பார்லர் என்ற கட்டடக் கலைஞரின் வேலை. 15-ம் நூற்றாண்டில் ஹுஸ்ஸைட் போர்கள் என்ற மதப் போர்கள் வந்து வேலை நின்றது. ஒரு தற்காலிகச் சுவரை எழுப்பி அரைக்கோயிலாகவே நூற்றாண்டுக் கணக்கில் வழிபட்டார்கள். மறுபடி எடுத்தது 19-ம் நூற்றாண்டில், முடித்தது 1929-ல். கோபுரத்துக்கு வலது கையில் தங்க வாசல், அதன் மேலே 1370-களின் மொசைக், அது பழையது. இடது கை முழுக்கப் புதியது. எல்லோரும் புகைப்படம் எடுக்கும் இரட்டைக் கோபுர மேற்கு முகப்புக்கு நூற்றைம்பது வயதுகூட ஆகவில்லை. ஒரே பாணியில் கட்டியிருந்தாலும் கல்லின் விளிம்பில் வித்தியாசம் தெரியும். பழைய கல் மழையில் மழுங்கியிருக்கும், புதியது இன்னும் கூராக இருக்கும். அந்தத் தையலைத் தேடுவதுதான் எனக்கு அங்கே விளையாட்டு. தரை விஷயம் வேண்டுமென்றால், பழைய அரண்மனையின் விளாடிஸ்லாவ் மண்டபத்துக்கு அடியில் கோதிக் தளம், அதற்கும் அடியில் 12-ம் நூற்றாண்டு அரண்மனை. இங்கேயும் அதே கதைதான், மேலே மேலே ஏறியிருக்கிறார்கள்.

கோட்டைக்குள் இருக்கும் பொன் சந்துக்கு நீங்கள் போகாவிட்டாலும் குற்றமில்லை. 22-ம் எண் வீட்டில் எழுத்தாளர் காஃப்கா 1916-17 குளிர்காலத்தில் உட்கார்ந்து எழுதினார். இப்போது அங்கே ஒரு சின்னக் கடை, மூச்சு விட இடம் இருக்காது. பழைய கோட்டைப் படிகளில் இறங்கினால் மாலோஸ்த்ரான்ஸ்கா மெட்ரோ. அதற்குப் பக்கத்தில் வாலன்ஸ்டைன் தோட்டம், கோடை மாதங்களில் இலவசம், மயில்கள் உலாத்தும். சுண்ணாம்புப் புற்று வழிந்ததுபோல் ஒரு முழுச் சுவரைச் செயற்கையாகச் செய்து வைத்திருக்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டுக் கிறுக்கு. எனக்கு ரொம்பப் பிடித்த கிறுக்கு.

சனிக்கிழமை ஆற்றோரம் தெற்கே போங்கள். தேசிய நாடக அரங்கிலிருந்து கரை வழியாகவே நடந்தால் நாப்ளாவ்கா படித்துறையில் சனி காலை விவசாயிகள் சந்தை. அங்கே ஒரு சூப்பும் ரொட்டியும். அப்படியே ரயில் பாலத்தைத் தாண்டினால் விஷெஹ்ராத் பாறைக்கு அடியில் சில வீடுகள் கண்ணை உறுத்தும், வைரக்கல் பட்டை தீட்டியதுபோல் மடிந்து மடிந்து நிற்கும் முகப்புகள். 1913 வாக்கில் யோசெஃப் ஹோஹோல் கட்டிய கியூபிச வீடுகள். ஓவியத்தில் வந்த கியூபிசத்தைக் கட்டடமாகவே எழுப்பிப் பார்த்தது இந்த ஊர். மேலே விஷெஹ்ராத் கோட்டையில் 11-ம் நூற்றாண்டு வட்டக் கோயில் ஒன்று, கல்லறைத் தோட்டத்தில் செக் இசையமைப்பாளர்கள் ஸ்மேதனாவும் த்வோர்ஷாக்கும். சார்லஸ் பாலத்துக் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே வராது.

மழை வந்தால் மழையே தெரியாமல் நடக்கலாம். வென்ஸ்லாஸ் சதுக்கத்தைச் சுற்றி வீடுகளுக்குள் புகுந்து வெளிவரும் நடைவழிகள் பின்னிக் கிடக்கின்றன. லுட்செர்னா வழிக்குள் போனால், செத்த குதிரையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அதன் வயிற்றின் மேல் புனித வென்ஸ்லாஸ் உட்கார்ந்திருப்பார், தாவித் செர்னி செய்த சிலை. வெளியே சதுக்கத்தில் அதே புனிதர் ஒழுங்காகக் குதிரை மேல் இருக்கிறார், இரண்டையும் பாருங்கள். அந்த லுட்செர்னாவைக் கட்டியது பின்னாளில் அதிபரான வாட்ஸ்லாவ் ஹவேலின் தாத்தா. தெருவைத் தாண்டி ஸ்வெதோசோர் வழியில் நுழைந்தால் பிரான்சிஸ்கன் தோட்டம், அதன் மறுவாசலுக்குப் பக்கம் ஒரு மூலையில் கியூபிச விளக்குக் கம்பம். உலகத்திலேயே அப்படி ஒன்றுதான் என்கிறார்கள். அங்கிருந்து நாரொத்னி தெருவில் ஒரு வளைவு நடைவழிக்குள் சுவரில் வெண்கலக் கைகள் நீட்டிக்கொண்டிருக்கும், கீழே 17.11.1989 என்ற தேதி. மாணவர் ஊர்வலத்தைப் போலீஸ் மறித்து அடித்த இடம். அந்த அடியில்தான் கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழத் தொடங்கியது. எப்போது போனாலும் யாரோ மெழுகுவத்தி வைத்திருப்பார்கள்.

இப்போது முகவரி. பிராக் வீட்டுக்கு இரண்டு பலகை, சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. 1770-க்கு முன்னால் எண்ணே கிடையாது, வாசலுக்கு மேல் உள்ள சின்னம்தான் முகவரி. நெருதோவா தெருவில் இன்னும் இருக்கின்றன, 12-ல் மூன்று பிடில், 47-ல் இரண்டு சூரியன். அரசி மரியா தெரேசா ஆட்சியில் எண் போட்டார்கள். அது அந்தப் பகுதியின் பதிவேட்டு எண், வீட்டைப் பதிந்த வரிசைப்படி வரும். அதுதான் சிவப்பு. அதைப் பிடித்துத் தேடினால் 500-க்குப் பக்கத்து வீடு 1200 ஆக இருக்கும், தலை சுற்றிவிடும். தெருவில் வரிசையாக, ஒரு பக்கம் ஒற்றை மறுபக்கம் இரட்டை என்று போவது நீலம். உங்கள் முகவரியில் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பெரிய எண் சிவப்பு, பின்னால் உள்ள சிறிய எண் நீலம். நீலத்தைத் தேடிப் போங்கள், சிவப்பை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாப்பி (Mapy) என்ற செக் வரைபடச் செயலியில் இரண்டு எண்ணும் காட்டும், நடைபாதைப் படிக்கட்டுகள்கூட இருக்கும். இணையம் இல்லாமலும் வேலை செய்யும், டிரெஸ்டனிலேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

இரவுப்பூ

ஐயா சொன்னதோடு ஒரு ஒட்டு: செருப்பு, ஷூ எதுவானாலும் அடிப்பாகம் ரப்பராக இருக்கட்டும். நடைபாதைச் சிறு கற்கள் மழையில் வழுக்கும், நெருதோவா இறக்கத்தில் இன்னும் மோசம்.

நித்யா

ஐயா, என் அறையின் முகவரி எண் 1836/19. அப்படியானால் நீலம் 19! ஒரே ஒரு கேள்வி மிச்சம். திங்கள் காலை யோசெஃபோவ் போகும்போது பெட்டியை என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை

தலைமை நிலையத்திலேயே பெட்டி வைக்கும் லாக்கர் இருக்கிறது. அறையைக் காலி செய்ததும் மெட்ரோவில் போய் வைத்துவிட்டு, திரும்ப மெட்ரோ ஏறி மூஸியும் நிறுத்தத்தில் ஏ பாதைக்கு மாறி ஸ்தாரோமெஸ்த்ஸ்கா. பெட்டியை உருட்டிக்கொண்டு மட்டும் பழைய நகரத்துக்குள் போகாதீர்கள், அந்தக் கல் தெருவில் சக்கரம் கழன்றுவிடும்.